வலது மணிக்கட்டுக்கு ஒரு அப்பா

என் தம்பி கால் உடைந்து கிடந்தபோது நான் அழவில்லை. திட்டினேன். ஃப்ரிட்ஜை ஒற்றை ஆளாக முதுகில் கட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினால் கால் உடையாமல் கழுத்தில் மாலையா விழும்? டெலிவரிக்கு இரண்டு பேர் போக வேண்டும். கூட வர வேண்டியவன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டான். இவன் வீரன். இடது காலில் தொடைவரை மாவுக்கட்டோடு வீரன் இப்போது என் கடையில் படுத்திருந்தான்.

கடை என்றால் சோபா பழுதுபார்க்கிற கடை. மாடியில்தான் எங்கள் வீடு. ஒரு ஆள் ஏறினால் எதிரே இன்னொரு ஆள் இறங்க முடியாத படிக்கட்டு. கட்டுக்காலோடு அதில் ஏற முடியாது என்பதால் அவனைக் கீழேயே போட்டிருந்தேன், அதுவும் ஒரு பல் டாக்டரின் சோபாவில். நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கான சோபா அது. ரெக்ஸின் கிழிந்து, ஸ்பிரிங் தொங்கி வந்தது. டாக்டர் இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டார். "இன்னும் ஸ்பிரிங் வரல டாக்டர்" என்று சொல்லிவைத்தேன். ஸ்பிரிங் எப்போதோ வந்துவிட்டது. அதன்மேல் ஒரு தடிமாடு படுத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

படுத்துக் கிடப்பவனுக்குப் பொழுது போக வேண்டாமா? வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி, ஃபோனில் ஒரு குழு கிடைத்தது. எலும்பு உடைந்தவர்களுக்கென்றே ஆன்லைனில் ஒரு குழு. கட்டுக்குள் அரித்தால் என்ன செய்வது, எப்படிக் குளிப்பது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று கேட்டுக்கொள்வார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. எது உடைந்ததோ அதுதான் பேர். இடுப்பு, ரெண்டு விலா, கழுத்தெலும்பு என்று ஒரு ஆஸ்பத்திரியே அதில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தது. என் தம்பி அங்கே "இடது கால்".

அதில் அவனுக்குச் சிக்கினவள் "வலது மணிக்கட்டு". மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவளாம். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்தாளாம். வலது கையில் கட்டு, டைப் பண்ண முடியாது. அதனால் எல்லாமே குரல் பதிவு. அவள் பேசி அனுப்புவாள், இவன் பேசி அனுப்புவான். காதில் மாட்டிக் கேட்கிற வழக்கமெல்லாம் என் தம்பிக்கு இல்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துக் கேட்பான். நான் ஆணி அடித்துக்கொண்டே வேண்டாவெறுப்பாக எல்லாவற்றையும் கேட்டேன்.

முதலில் அரிப்பைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சாப்பாடு, தூக்கம். அப்புறம் வழி தவறிப்போய் சின்ன வயசுக்குள் நுழைந்தார்கள். அவளை இவன் "அக்கா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. சோறு போடுகிறவளும் அக்கா, முகம் தெரியாதவளும் அக்கா. என்னைக் கூப்பிடும்போது அந்தச் சொல்லில் "தண்ணி கொண்டா" என்பது ஒட்டிக்கொண்டிருக்கும். அவளைக் கூப்பிடும்போது தேன் ஒட்டியிருந்தது.

ஒருநாள் மத்தியானம் நான் பழைய ரெக்ஸினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுப்பாருக்கா. சும்மா இல்ல. மேல வெள்ளையா நார் இருக்கும்ல, அத ஒண்ணொண்ணா எடுத்துட்டு, சுளையெல்லாம் வரிசையா என் டிபன் டப்பாவுல அடுக்கி வச்சிட்டு வேலைக்குப் போயிடுவாரு. நான் எந்திரிக்கறப்ப டப்பா மட்டும்தான் இருக்கும். அவரு இருக்க மாட்டாரு. எனக்கு அவர ரொம்ப ஞாபகமில்ல. நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்பவே செத்துட்டாரு. ஆனா அந்த டப்பா ஞாபகம் இருக்கு."

குறடு என் கையிலிருந்து நழுவிக் கால் பெருவிரலில் விழுந்தது. "சனியனே!" என்று கத்தினேன். குறடைத்தான் திட்டுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த ஆரஞ்சை உரித்தது நான்.

நாரெடுத்தது நான். அடுக்கியது நான். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு சோபாக் கடையில் எடுபிடி வேலைக்குப் போவேன். அந்தக் கடைக்காரம்மா மீந்த பழத்தைக் கொடுப்பாள். அதை ஒளித்துக் கொண்டுவந்து, காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து உரித்து வைத்துவிட்டு, இவன் எழுந்ததும் "அப்பா வச்சிட்டுப் போனாருடா" என்பேன்.

பாசத்தில் சொன்னேன் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு தந்திரம். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் இவன் நின்ற இடத்திலேயே ஒண்ணுக்குப் போய்விடுவான். நடுங்கும் குழந்தையைக் கண்டால் அந்த ஆளுக்கு வெறி ஏறும். "என்னப் பாத்தா பேய் மாதிரி இருக்கா?" என்று பெல்ட்டை உருவுவார். சிரித்துக்கொண்டு ஓடிவரும் குழந்தையை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிடுவார். அதை நான் கண்டுபிடித்தேன். இவனைச் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் இவனுக்கு ஒரு நல்ல அப்பா வேண்டும். இல்லாததை உண்டாக்கினேன். வீட்டில் நடக்கிற நல்லதையெல்லாம் அந்த ஆள் பேரில் எழுதினேன். இவன் சிரித்தான், ஓடினான், அடி வாங்காமல் தப்பித்தான். அந்த அடி எங்கே போகும்? வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்ததே. அம்மாவுக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. அவள் வரும்போது எல்லாம் அடங்கியிருக்கும்.

அவர் செத்த பிறகு உண்மையைச் சொல்லியிருக்கலாம். இவன் அவர் சட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினான். அப்புறம் எங்கே சொல்வது?

ஆனால் அது எங்கள் வீட்டோடு இருக்கும் என்றல்லவா நினைத்தேன்! இவன் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆன்லைனில் தானம் செய்வான் என்று கண்டேனா? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. தேங்காய் என்னுடையது.

"ஏன்டா," என்றேன் அன்றைக்கு, "அந்தாளப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு இப்படிக் கதை விடற?"

"உனக்கு அப்பாவப் பத்தி ஒரு நல்ல வார்த்தை வாயில வராதே."

"வராது."

"செத்துப்போனவரு மேல என்னக்கா அவ்ளோ வெறுப்பு? அந்த அக்காவப் பாரு, அவங்கப்பா அவ்ளோ பண்ணியிருக்காரு, அவங்க மன்னிக்கலாமான்னு யோசிக்கறாங்க. நீ என்னன்னா..."

"மன்னிக்கறதுக்கு நீ கிளாஸ் எடுக்கறியா? கட்டுப் போட்ட சாமியாரு!"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். டாக்டரின் ஸ்பிரிங் ஒரு முனகல் முனகியது.

அதற்குப் பிறகுதான் அவள் கதையைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். அவளுடைய அப்பா குடியை விட்டுவிட்டு அவள் அண்ணன் வீட்டில் இருந்தாராம். அண்ணி பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிட்டாள். இப்போது யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டு மாடிப்படிக்கடியில் படுக்கை. மகளுக்கு ஃபோன் போட்டு அழுகிறார். இவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். மறுபடி அழுதார். மறுபடி முடியாது என்றாள். புருஷனுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் இவளும், இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளும் மட்டும்.

"சின்ன வயசுல நானும் எங்கண்ணனும் பாத்ரூம்ல உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்குவோம் தம்பி," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "வாளியக் கவுத்துப் போட்டு அதுமேல தலைய வச்சுக்குவேன். இப்பக்கூட பாத்ரூம்ல உக்காந்தா எனக்குத் தூக்கம் வரும்."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் சிரிப்பேன். முதல்முறையாக அந்த முகம் தெரியாதவள் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. வந்த வேகத்தில் என் தம்பி வாயைத் திறந்தான்.

"அப்பாங்க எல்லாம் வெளிய காட்ட மாட்டாங்கக்கா. எங்கப்பாவும் கோவக்காரர்தான்னு சொல்லுவாங்க. ஆனா எனக்கு ஸ்கூல் ஷூ இல்லன்னப்ப, ஒருநாள் காலைல பாத்தா வாசல்ல ஷூ இருக்கு. பாலிஷ் போட்டு, பெருசா இருக்குன்னு முன்னாடி பேப்பர் திணிச்சு வச்சிருக்காரு. காய்ச்சல்ல கெடந்தப்ப விடிய விடிய நெத்தியில ஈரத்துணி. கண்ணத் தொறக்காமலே அவரு பீடி வாசன வரும். அந்த வாசன வந்தா எனக்குப் பயமே போயிடும். உங்கப்பாவும் ஏதாவது செஞ்சிருப்பாருக்கா. யோசிச்சுப் பாருங்க. அடிச்சது ஞாபகம் இருக்கும், அணைச்சது மறந்துடும்."

அடிச்சது, அணைச்சது! வசனம் வேறு. ஷூ என் கூடப் படித்தவளின் தம்பி போட்டுக் கழித்தது. பக்கவாட்டுக் கிழிசலை நான் சோபா ஊசியால் தைத்தேன். காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய உட்கார்ந்ததும் நான். ஈரத்துணி அப்பாவின் துண்டு. வாசனை மட்டும்தான் அவருடையது.

இரண்டு நாள் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் டாக்டரின் உதவியாளர் வந்து, சாயங்காலத்துக்குள் சோபா வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். தம்பியைக் கைத்தாங்கலாக ஒரு மர நாற்காலிக்கு மாற்றினேன். கட்டுக்காலை எதிரே ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்தேன். புது ரெக்ஸினை இழுத்து ஓரம் பிடித்து ஆணி அடிக்க ஆரம்பித்தபோது ஃபோன் சத்தம் போட்டது.

"தம்பி, நீங்க சொன்னதையே ரெண்டு நாளா யோசிச்சிட்டிருந்தேன்," என்றாள் வலது மணிக்கட்டு. குரல் தழுதழுத்தது. "உங்கப்பா எவ்ளோ நல்லவரு. எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு. எங்கப்பாவும் இந்த மாதிரி செஞ்சிருப்பாரு, பயத்துல நான்தான் எதையும் கவனிக்கலையோன்னு. பாவம், வயசாயிடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்துடறேன். பாப்பா ரூம்ல ஒரு கட்டில் போட்டாப் போதும். நான் ஷிப்ட்டுக்குப் போறப்ப அவளுக்கும் துணையா இருக்கும். ரொம்ப நன்றி தம்பி."

என் தம்பி முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தியாக்கா," என்றான் என்னிடம். "ஒரு குடும்பத்த சேத்து வச்சிருக்கேன்."

பாப்பா ரூமில் கட்டில். துணைக்கு அந்த ஆள். வாயில் கவ்வியிருந்த ஆணிகளைத் துப்பினேன். போய் அவன் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினேன். "ஏய், என்ன பண்ற?" என்று எட்டினான். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். காலில் மாவுக்கட்டு போட்டவன் என்ன செய்வான்? பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"ஏம்மா வலது மணிக்கட்டு, நான் இவனோட அக்கா பேசறேன். நெஜ அக்கா. இவன் சொன்னது எதுவும் எங்கப்பன் செஞ்சதில்ல. ஆரஞ்சு உரிச்சது நானு. ஷூ வாங்கிட்டு வந்து தச்சது நானு. காய்ச்சலுக்குக் கண்ணு முழிச்சது நானு. எல்லாத்தையும் அப்பா செஞ்சாருன்னு சொல்லிச் சொல்லி இவன ஏமாத்தி வச்சேன். ஏன்னா சிரிக்கிற புள்ளய அந்தாளு அடிக்க மாட்டான். இவனுக்கு விழ வேண்டியதும் எனக்கே விழுந்துச்சு. எனக்கு எடது காது கேக்காது. சின்ன வயசுல சீழ் புடிச்சுப் போச்சுன்னு இவன் நெனச்சிட்டிருக்கான். அதுவும் நான் சொன்ன கதைதான். உங்க குரூப்புல எனக்கும் ஒரு பேரு வைக்கலாம். நீ எதையும் மறக்கலம்மா. உனக்கு ஞாபகம் இருக்கறதுதான் நடந்துச்சு. அந்தாளு குடிய விட்டிருக்கலாம், எங்கப்பனும் கடைசில விட்டான். கை அடங்கல. உன் புள்ள ரூம்ல கட்டில் போடாத."

அனுப்பினேன். ஃபோனை அவன் மடியில் போட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கட்டுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படியா சொல்வது என்று எனக்குத் தெரியாமலில்லை. முப்பது தாண்டிய ஆண் பிள்ளைக்கு அவனுடைய அந்த நல்ல அப்பா செத்துப்போன செய்தியை யாரோ ஒருத்திக்கு அனுப்பிய பதிவில் கேட்க வைத்தேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு வருத்தமில்லை. ஆத்திரம்தான் இருந்தது. இத்தனை வருஷம் என் கையால் செய்ததையெல்லாம் அந்த ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தானே என்ற ஆத்திரம். நானே செய்த ஏற்பாடுதான். இருந்தாலும் எரிந்தது.

"பொய் சொல்ற," என்றான் கடைசியில்.

"போய் அம்மாவக் கேளுன்னு சொல்லலாம். அவளும் இல்ல."

அவளிடமிருந்து பதில் வந்தது. குரலில் இப்போது அழுகை இல்லை, விறைப்பு இருந்தது. "தம்பி, உங்கக்கா பேசினதக் கேட்டேன். அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. உங்களத்தான் தெரியும். அப்பாவ வரச் சொல்லி வாக்குக் குடுத்துட்டேன். பெட்டியெல்லாம் கட்டிட்டாரு. நீங்க சொல்லுங்க. எல்லாம் நெஜமா இருக்கணும்னு இல்ல. உங்கப்பா உங்களுக்கு நெஜமாவே செஞ்சது ஒண்ணு, ஒரே ஒண்ணு இருந்தாலும் சொல்லுங்க. மனுஷனுக்குள்ள அந்த ஒண்ணு இருந்தாப் போதும். நான் கூட்டிட்டு வந்துடுவேன்."

தம்பி ஃபோனைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். போலீஸ்காரன் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ஆரஞ்சு?"

"நான்."

"ஷூ?"

"நான்தான்னு சொன்னேன்ல."

"அந்தப் பீடி வாசன?"

"துண்டு அவருது. உக்காந்திருந்தது நான்."

"பொறந்த நாளுக்குத் தலகாணிக்கடில பம்பரம் வச்சிருந்தாரே?"

"நான்."

அவன் முகத்தில் நான்கு வயதுப் பிள்ளையின் முகம் அப்படியே மேலே வந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"கடைத்தெருவுல நான் தொலஞ்சு போனேன்ல. அது?"

அதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூட. ஞாபகம் இருக்குமென்றே நான் நினைக்கவில்லை.

அது நடந்தது. கூட்டத்தில் என் பிடி நழுவி இவன் காணாமல் போனான். அப்பா ஒற்றைச் செருப்போடு அந்தத் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினார். ஒரு துணிக்கடை மேசைக்கடியில் இவனைக் கண்டதும் தூக்கித் தோளில் உட்கார வைத்து, இவன் இரண்டு கால்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். வீடு வரைக்கும் இறக்கவில்லை. நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். என்னை யாரும் அப்படித் தேடியதில்லை, அப்படி அழுததில்லை. அன்று எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளையின் கையை விட்டதற்காக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு எனக்கு விழுந்தது.

முழுதாகச் சொல்லியிருக்கலாம். தோளில் தூக்கியதையும் கதவைச் சாத்தியதையும் சேர்த்து. ஆனால் அவள் கேட்டது ஒன்று. ஒன்று கிடைத்தால் போதும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். முதல் பாதியைக் கேட்டதுமே கட்டில் போட்டுவிடுவாள்.

"அதுவும் நான்தான்," என்றேன்.

"நீயா?"

"நான்தான் தேடிக் கண்டுபுடிச்சேன். நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"கடை போர்டெல்லாம் என் மூஞ்சிக்கிட்ட இருந்துச்சு," என்றான். "கைய நீட்டி ஒரு பல்ப தொட்டேன். சுட்டுச்சு. நீ அவ்ளோ உசரமாவா இருந்த?"

அப்பா நல்ல நெட்டை. நான் இப்போதே ஐந்தடிதான்.

"உனக்கு அப்போ நாலு வயசு. யாரு தூக்கினாலும் உசரமாத்தான் இருக்கும்."

நான் குனிந்து தரையில் சிதறிய ஆணிகளைப் பொறுக்கினேன். மற்றவையெல்லாம் என்னுடையவை, கொடுத்தேன், திருப்பி வாங்கிக்கொண்டேன். இது ஒன்றுதான் திருட்டு. அந்தக் குழந்தைக்காகத் திருடினேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, அன்றைக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவளுக்காக.

அவன் பொத்தானை அழுத்தினான். "அக்கா, எங்கக்கா சொன்னதுதான் நெஜம். ஒண்ணுகூட இல்ல. கூட்டிட்டு வராதீங்க. தெரியாம பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க." அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. பின்னணியில் ஒரு சின்னப் பெண் எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "சரி தம்பி. வரவேணாம்னு சொல்லிட்டேன். திட்டினாரு, பழைய மாதிரியே திட்டினாரு. உங்கக்காகிட்ட சொல்லுங்க." அவ்வளவுதான்.

நான் சோபாவுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ரெக்ஸினை இழுத்துப் பிடித்தேன். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"எனக்கு அவரு மூஞ்சியே ஞாபகமில்லக்கா," என்றான் தம்பி பின்னாலிருந்து. கண்ணைத் திறக்காமலே சொன்னான். "அந்த உசரம் ஒண்ணுதான் ஞாபகம் இருந்துச்சு."

நான் திரும்பினேன். உண்மை வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஃபோன் இன்னும் அவன் கையிலேயே இருந்தது. ஒரு ஆணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.